எண்பது மீட்டர் மீன்படகு

இன்னாசி மச்சாதுவைத் தேடிக் கடற்படையிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் பாதிப்பேர் அவர் எல்லை தாண்டி எங்கோ வசமாக மாட்டிக்கொண்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மீதிப்பேர், இருக்காது, டீசல் விவகாரம் என்றார்கள். இன்னாசிக்கே கொஞ்சம் சந்தேகம்தான். முப்பது வருஷம் விசைப்படகு ஓட்டியவர், ஒரு தப்பும் பண்ணியதில்லை என்று எந்தக் கோவிலில் போய்ச் சத்தியம் பண்ணுவார்?

வந்தது போலீஸ் மாதிரி யாரும் இல்லை. வெயிலில் சிவந்துபோன முகத்தோடு ஒரு பெண், கையில் லேப்டாப். பெயர் டாக்டர் உமையாள், கடற்படைக்கு ஆராய்ச்சி செய்பவள், ஊர் காரைக்குடிப் பக்கம். ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் லேப்டாப்பைத் திறந்து வைத்து, நூல்கண்டு சிக்கியது போல் ஒரு படத்தைக் காட்டினாள்.

"இந்தத் துறைமுகத்துல இருநூத்தி நாப்பது படகு இருக்கு. ஒவ்வொண்ணும் கடல்ல போன வழி இது. இதுலயே ரொம்பக் கோணலான கோடு உங்களோடதுதான் அண்ணே."

இன்னாசி படத்தை உற்றுப் பார்த்தார். "யாரும்மா குடுத்தா இத?"

"மேல இருந்து வந்தது."

"மேலன்னா, மீன்துறை ஆபீசா?"

"அதுக்கும் மேல." உமையாள் விரலை ஆகாயத்துக்கு நீட்டினாள். இன்னாசி சட்டென்று நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.

அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். அந்த வருஷம் வானத்தில் மூவாயிரம் வேவு செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருந்தன. எல்லாம் சேர்ந்து ஒரே வலை, அதற்கு 'விழி' என்று பெயர். எந்த நாட்டு ராணுவமும் சந்தா கட்டினால் அதில் பார்க்கலாம்.

"முன்னாடி எல்லாம் கப்பலை மறைக்கணும்னா மேகத்துக்கு அடியில போவாங்க. ரேடாரை அணைச்சிருவாங்க. செயற்கைக்கோள் தலைக்கு மேல வர்ற நேரத்தைக் கணக்குப் பண்ணி ஒதுங்கிக்குவாங்க. இப்ப அதெல்லாம் நடக்காது. மேகத்தைத் துளைச்சுப் பாக்குது, இருட்டுல பாக்குது, நாலு நிமிஷத்துக்கு ஒருக்காப் பாக்குது. அதனால நாங்க ஒரு பெயிண்ட் கண்டுபிடிச்சோம். அதை அடிச்சா எண்பது மீட்டர் கப்பல், மேல இருந்து பாக்க இருபது மீட்டராத் தெரியும். உங்க படகு அளவுக்கு."

"பெறவு என்ன? சோலி முடிஞ்சிட்டுல்லா?"

"அதான் முடியல. விழிக்கு ஒரு நாளைக்கு நாலு கோடிப் படம் வருது. எல்லாத்தையும் உத்துப் பாக்க அதுக்கும் முடியாது. அதனால முதல்ல நடத்தையைப் பாக்குது. எப்பக் கிளம்புது, எங்க திரும்புது, எங்க நிக்குது. படகு மாதிரி நடந்துக்கிட்டா 'படகு'ன்னு எழுதித் தள்ளி விட்டுரும். அப்புறம் திரும்பியே பாக்காது. எங்க கப்பல் இருபது மீட்டராத் தெரிஞ்சும் மூணு தடவை மாட்டிக்கிச்சு."

"ஏன்?"

"சரியா ஆறு மணிக்குக் கிளம்புச்சு."

இன்னாசி விழுந்து விழுந்து சிரித்தார். "ஆறு மணின்னா ஆறு மணிக்கேவா?"

"கிளம்பி, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி நேராப் போச்சு."

"கடல்ல நேராப் போறதுக்கு அங்க என்ன தார் ரோடா கெடக்கு?"

"இதைத்தான் அண்ணே நீங்க வந்து எங்க கமாண்டருக்குச் சொல்லணும்."

ஒரு மாதச் சம்பளமும் கப்பல் சோறும் என்று பேச்சு முடிந்தது. இன்னாசியின் படகு 'ஆரோக்கிய ராணி'. பதிவெண்ணின் கடைசி மூன்று இலக்கம் நானூற்றுப் பதினெட்டு. அதை அந்த ஒரு மாதமும் மனைவியின் தம்பி சவேரி ஓட்டுவதாக ஏற்பாடு. சவேரி நேற்று வரை பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். வேலை போனதும் படகுக்கு வந்தான், ஆனால் விசிலை விடவில்லை. படகில் ஏறும் ஐந்து பேரையும் வரிசையில் நிற்க வைத்து எண்ணுவான். ஜி.பி.எஸ்.ஸில் இரண்டு புள்ளி வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்பு மாதிரிப் போவான். அரை மணிக்கு ஒருமுறை மடிவலை இறக்குவான், அரை மணி முடிந்ததும் மீன் இருக்கிறதோ இல்லையோ விசில் ஊதித் தூக்கிவிடுவான்.

"ஒரு மாசம்தான், பிள்ளையள் பொறுத்துக்கிடுங்க" என்று ஐந்து பேரிடமும் இன்னாசி கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

'கொற்றவை' பழைய கப்பல். எண்பத்தேழு பேர் வேலை பார்த்தார்கள். அதன் தலைவர் கமாண்டர் திருவேங்கடம். கடலே இல்லாத துறையூரில் பிறந்து, கடலையே கல்யாணம் பண்ணிக்கொண்ட மனிதர். அவர் சட்டையின் இஸ்திரி மடிப்பில் விரல் பட்டால் ரத்தம் வந்துவிடும். கடற்படையின் நடுவர் குழு அவருக்கு விதித்திருந்த பரீட்சை எளிமையானது. கப்பல் இரண்டு நாள் கடலுக்குப் போய் வர வேண்டும். இரண்டிலும் விழியிடம் தப்பினால் கொற்றவைக்கு ஆயுள் கெட்டி, கமாண்டருக்குப் பதவி உயர்வு, இந்த வித்தை எல்லாக் கப்பல்களுக்கும் போகும். ஒன்றில் மாட்டினாலும் கப்பல் உடைக்கிற யார்டுக்கு, கமாண்டர் தலைமையகத்தில் பழைய கோப்புகள் அறைக்கு.

முதல் நாள் பயிற்சிக்குக் காலை ஐந்தரைக்கே கப்பல் தயார். எண்பத்தேழு பேரும் அவரவர் இடத்தில் விறைப்பாக நின்றார்கள். இன்னாசி மட்டும் கயிறு கட்டும் இரும்புக் குற்றியின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் மச்சாது, எல்லாம் ரெடி. ஏன் கிளம்பலை?"

"ஐஸ் வரல சார்."

"நமக்கு ஐஸ் எதுக்கு?"

"நமக்கு வேண்டாம். ஆனா நாம இப்பப் படகுல்லா? ஐஸ் வராம எந்தப் படகு கெளம்பும்?"

வராத ஐஸுக்காக ஒரு போர்க்கப்பல் நாற்பது நிமிஷம் காத்துக்கிடந்தது. கமாண்டர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், வானத்தைப் பார்ப்பதும், பல்லைக் கடிப்பதுமாக நின்றார். ஒருவழியாகக் கிளம்பி, அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியதும் இன்னாசி கையைத் தூக்கினார்.

"திருப்புங்க சார். கரைக்கு."

"இப்ப என்ன?"

"சமையக்காரன் தீப்பெட்டிய மறந்துட்டான்."

இதைக் கேட்டுக் கப்பலின் சமையல்காரர் கண்ணில் நீர் முட்ட மேலே ஓடிவந்தார். தம் சமையலறையில் எல்லாமே மின்சார அடுப்பு என்றும், பதினெட்டு வருஷ சர்வீஸில் தாம் எதையும் மறந்ததில்லை என்றும் எல்லார் முன்னிலையிலும் முறையிட்டார். அவரைத் தேற்றி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கப்பல் நாட்குறிப்பில் அன்றைக்கு எழுதிய இளம் அதிகாரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. 'ஆறு நாற்பத்திரண்டு: தீப்பெட்டிக்காகத் திரும்பினோம். எட்டு பதினைந்து: செருப்பு கடலில் விழுந்தது, சுற்றி வந்து தேடினோம், கிடைக்கவில்லை. பத்து ஐந்து: பக்கத்துப் படகின் மேல் கடல்காக்கைகள் கூடியதால் அங்கே விரைந்தோம்.' எல்லாவற்றுக்கும் கீழே கமாண்டர் கையெழுத்துப் போட்டார், பேனா காகிதத்தைக் கிழிக்கிற மாதிரி.

"பக்கத்துப் படகுக்கு மீன் கிடைச்சா அது அவன் அதிர்ஷ்டம். நாம ஏன் ஓடணும்?" என்றார் கமாண்டர்.

"அப்படி நெனைக்கிறவன் சாமியாராப் போயிருப்பான் சார், கடலுக்கு வந்திருக்க மாட்டான்."

"இருபத்தாறு வருஷத்துல நான் ஒரு நிமிஷம் லேட்டாக் கிளம்பினதில்லை, தெரியுமா?"

"அதாம் சார், மேல இருக்கவனுக்கு உங்கள நல்லாத் தெரிஞ்சிருக்கு."

அந்தப் பக்கம் மீன்பிடித்த படகுகளில் வாக்கி டாக்கி ஓயவே இல்லை. எஞ்சின் சோதனை நடக்கிறது, பயப்பட வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். "எஞ்சினா? கப்பல் டிரைவரச் சோதிக்கச் சொல்லுங்கப்பா, மூக்கு முட்டக் குடிச்சிருக்கான்" என்று ஒரு குரல் வந்தது. கமாண்டர் அதையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

ஆனால் மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. கடமை என்று வந்துவிட்டால் கோணலாகப் போவதையும் கடமையாகவே கற்றுக்கொள்வார். தினமும் காலையும் மாலையும் விழி எடுத்த துறைமுகப் படங்களை வாங்கி, பரீட்சைக்குப் படிக்கிற மாணவன் மாதிரி அதிலேயே மூழ்கிக் கிடப்பார். மூன்றாவது வாரம் ஒருநாள், யாரும் சொல்லாமலே அலைத்தடுப்புச் சுவர் அருகே கப்பலைத் திருப்பினார்.

"என்ன சார்?" என்றார் இன்னாசி.

"தண்ணி கேன்" என்றார் கமாண்டர், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

இன்னாசிக்கு அப்படியே அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அன்றைய ஒத்திகையில் விழி அவர்களுக்குத் தந்த முடிவு: விசைப்படகு, தொண்ணூற்று நாலு சதவீதம்.

முதல் பரீட்சை சனிக்கிழமை நடந்தது. ஐஸுக்குக் காத்திருந்து, ஆறு இருபதுக்குக் கிளம்பி, இருநூற்று நாற்பது படகுகளுக்கு நடுவே கொற்றவையும் ஒன்றாக அலைந்தது. பன்னிரண்டு மணிக்குச் சோற்றுக்கு நின்றது. ஒரு மணிக்கு ஒரு காரணமும் இல்லாமல் தெற்கே ஓடியது, பிறகு மனம் மாறிக் கிழக்கே வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கரையில் கட்டியபோது உமையாள் லேப்டாப்போடும் ஒரு டப்பா லட்டோடும் ஏறிவந்தாள்.

"விழியோட முடிவை நடுவர்கள் அனுப்பிட்டாங்க. வாசிக்கறேன். 'பகல் பதினொன்று நாற்பதுக்குப் போர்க்கப்பல் கண்டுபிடிக்கப்பட்டது. ஏவுகணை ஏவப்பட்டதாகக் கொள்ளப்பட்டது. கப்பல் மூழ்கியது. உயிர் பிழைத்தவர் எவரும் இல்லை.'"

எண்பத்தேழு முகமும் தொங்கிப்போயின. சமையல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இருங்க, முடிக்கலை. அது அடிச்சது நம்மளை இல்லை! நாம அந்த இடத்துல இருந்து ஒன்பது மைல் தள்ளி இருந்தோம். நாம பாஸ்!"

கப்பலே அதிர்ந்தது. இளம் அதிகாரி விசிலடித்தார். கமாண்டர்கூட மீசைக்கு அடியில் சிரித்தார். யாரோ இன்னாசியைத் தோளில் தூக்கி இறக்கினார்கள். வாய் நிறைய லட்டை வைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்தபோது ஒரு சந்தேகம் வந்தது.

"ஏம்மா, அப்ப அது யார அடிச்சிட்டு?"

"ஏதோ ஒரு படகு அண்ணே."

"ஏதோன்னா? நம்பரு இருக்கும்லா?"

உமையாள் அந்த இடத்தைத் துறைமுகப் பதிவோடு ஒத்துப் பார்த்தாள். "கடைசியில நாலு ஒண்ணு எட்டு."

அது ஆரோக்கிய ராணி. இன்னாசி செல்போனை எடுத்துச் சவேரியைக் கூப்பிட்டார். மூன்றாவது மணியில் எடுத்தான்.

"ஏல சவேரி, எங்க இருக்க?"

"வந்துக்கிட்டே இருக்கோம் அத்தான். அஞ்சு நாப்பதுக்குக் கரை."

"எல்லாரும் இருக்கியளா?"

"எல்லாரும் இருக்கோம். காலையில எண்ணித்தான ஏத்துனேன், அஞ்சு பேரு. என்னோட ஆறு. ஏன் அத்தான்?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்." பேச்சை முடிக்க மனம் வரவில்லை. "சாப்டியால?"

"பன்னெண்டு முப்பதுக்குச் சாப்டோம்."

பதினொன்று நாற்பதுக்குச் செத்துப்போனவன் பன்னிரண்டு முப்பதுக்குச் சாப்பிட்டிருக்கிறான். இன்னாசி போனை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்தார்.

உமையாள் அருகில் வந்தாள். படகு யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அவள் முகமும் மாறிவிட்டது.

"ஏம்மா அவன அடிச்சுது? அவன் மீன்பிடிக்கத்தான போனான்?"

"விழிகிட்ட கேக்கற கேள்வியே 'போர்க்கப்பல் எங்கே'ன்னுதான். கப்பல் துறைமுகத்துல இல்லை. அப்பக் கடல்லதான் இருக்கணும். நம்மளைப் படகுன்னு தள்ளிட்டுது. மிச்சம் இருக்கறதுல எது படகு மாதிரி இல்லைன்னு தேடும். நேராப் போறது, அரை மணிக்கு ஒருக்கா நிக்கறது, சொன்ன நேரத்துக்குத் திரும்பறது..." அவளால் மேலே சொல்ல முடியவில்லை. "ஆனா இது விளையாட்டுதானே அண்ணே. நிஜத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகலை."

"நாளைக்கு நெசமாச் சண்ட வரும்போது, இன்னைக்கு வெளையாட்டு இல்லன்னு எங்ககிட்ட எவன் வந்து சொல்லுவான்? மேல இருந்து வாரது எங்களுக்குத் தெரியுமா?" இன்னாசி கடலைக் காட்டினார். "இவ்வளவு நாளா நீங்க கப்பல், நாங்க படகு. இந்தச் சனியன் எங்களத் திரும்பிக்கூடப் பாக்காம இருந்துது. இப்ப நீங்க படகாயிட்டிய. அப்ப நாங்க யாரும்மா?"

உமையாள் கையிலிருந்த லட்டு டப்பாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிப் போய்விட்டாள். கமாண்டர் இதையெல்லாம் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டுதான் நின்றார். கடலைப் பார்த்த முகத்தைத் திருப்பவில்லை.

இரண்டாவது பரீட்சை அடுத்த ஏழு நாளில் எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். நாளைக் கமாண்டரே முடிவு செய்ய வேண்டும். கயிற்றை அவிழ்க்கும் வரை கரையில் ஒருவருக்கும், உமையாளுக்குக்கூட, சொல்லக்கூடாது என்பது விதி. ஆறு மணி சுமாருக்குக் கமாண்டர் இன்னாசியிடம் வந்தார்.

"மிஸ்டர் மச்சாது, ரெண்டாவது ஓட்டம் என்னிக்கு வெச்சுக்கலாம்? ஒரு படகுக்காரன் என்னிக்குப் போவான்?"

இன்னாசி அவரை நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனிதர். மூன்று வாரமாகத் தம் தட்டிலிருந்து எடுத்து வைத்துச் சாப்பிடச் சொன்ன மனிதர். தம்முடைய நேரம் தவறாமையைக் கழற்றி வைத்துவிட்டு, இல்லாத தீப்பெட்டிக்காகக் கப்பலைத் திருப்பியவர்.

தூத்துக்குடி விசைப்படகுகள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. காற்று சாதகமாக இருந்தாலும், மீன் கரையோரம் வந்து கூப்பிட்டாலும் போவதில்லை. அன்றைக்குப் பூசை, கறிக்குழம்பு, மத்தியானத் தூக்கம், சாயங்காலம் வலை பின்னிக்கொண்டே ஊர்வம்பு. இன்னாசியின் அப்பா காலத்திலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை வெளியே போகிற ஒரே ஒரு படகை விழி என்னவென்று நினைக்கும் என்பதை உமையாள் படித்த படிப்பெல்லாம் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

"நாளைக்கே போவோம் சார்" என்றார் இன்னாசி.

மீன் கிடைத்த இடத்தைப் பற்றி முப்பது வருஷமாக வாய் கூசாமல் பொய் சொன்னவர்தான். அந்தப் பொய்களுக்கெல்லாம் நாக்கு இப்படி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதில்லை.

"நாளைக்கா?"

"ஆமா சார்."

"எத்தனை மணிக்கு?"

"ஆறு."

கமாண்டர் தொப்பியைக் கழற்றி, உள்ளே எதையோ தேடுகிறவர் மாதிரிப் பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார். "சரி" என்றார். அன்றைக்கு இன்னாசிக்குக் கப்பல் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை துறைமுகத்தில் இருநூற்று நாற்பது படகும் தோளோடு தோள் ஒட்டிக் கட்டிக்கிடந்தன. ஐஸ் லாரி இல்லை, டீக்கடை பாதிதான் திறந்திருந்தது. நாய்கள்கூட நிதானமாக நடந்தன. யாராவது இப்போது கேட்டுவிடுவார்கள், இப்போது கேட்டுவிடுவார்கள் என்று இன்னாசி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கேட்டது இளம் அதிகாரிதான்.

"சார், இன்னிக்கு ஒரு படகும் கிளம்பற மாதிரித் தெரியலையே?"

"ஐஸ் வரலை போல" என்றார் கமாண்டர். "நாம கிளம்புவோம்."

சரியாக ஆறு மணிக்குக் கொற்றவை கயிற்றை அவிழ்த்தது. அலைத்தடுப்புச் சுவரைத் தாண்டியது. யாரும் எதையும் மறந்திருக்கவில்லை. முன்னால் மன்னார் வளைகுடா முழுவதும் கழுவி வைத்த தட்டு மாதிரிக் காலியாகக் கிடந்தது. ஆறு இருபத்து நான்குக்கு நடுவர்களிடமிருந்து செய்தி வந்தது. இளம் அதிகாரி அதை வாசித்தார்.

"போர்க்கப்பல். நூறு சதவீதம். ஆட்டம் முடிந்தது, திரும்பி வரவும்."

இவ்வளவு சீக்கிரம் எப்படி மாட்டினோம் என்று ஒருவருக்கும் புரியவில்லை. கமாண்டர் எல்லாரையும் கீழே அனுப்பிவிட்டு மேல்தட்டில் தனியாக நின்றார். இன்னாசி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். சொல்லாவிட்டால் செத்துப்போவோம் போலிருந்தது.

"சார், நான் உங்கள ஏமாத்திட்டேன். இன்னைக்கு ஞாயித்துக்கெழம. எங்க படகு ஒண்ணும் வராது. தெரிஞ்சேதான் சொன்னேன்."

"எனக்கும் தெரியும்."

"என்ன சார் சொல்லுதிய?"

"மூணு வாரமா உங்க துறைமுகப் படத்தைத்தானே காலையும் மாலையும் படிக்கறேன். மூணு ஞாயித்துக்கிழமை வந்துச்சு. மூணுலயும் ஒரு படகு நகரலை."

"பெறவு ஏன் சார் சரின்னு சொன்னிய? கப்பலு போச்சே. உங்க பதவி போச்சே."

கமாண்டரின் குரலில் அதட்டல் இல்லை.

"இந்தக் கப்பல்ல எண்பத்தேழு பேர். ஒவ்வொருத்தனும், சாகவும் தயார்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தவன். நானும் போட்டிருக்கேன். உங்க மச்சினன் எதுல கையெழுத்துப் போட்டாரு?"

இன்னாசியின் கண் கலங்கிவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

"ஒரு விஷயம் இன்னாசி. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள. நான் தெரிஞ்சு பண்ணேன்னு வெளிய வந்தா கோர்ட் மார்ஷல். தெரியாமப் பண்ணேன்னா வெறும் முட்டாள். முட்டாளுக்குப் பென்ஷன் உண்டு."

சொன்னபடியே அறிக்கை எழுதினார். 'உள்ளூர் வழக்கம் அறியாமல் கப்பலை ஞாயிற்றுக்கிழமை செலுத்தியது முழுக்க என் தவறு. தூத்துக்குடிக்கு ஒரு விடுமுறை, இராமேஸ்வரத்துக்கு வேறு கிழமைகள், ஒரு ஊரில் கோவில் திருவிழா, இன்னொரு ஊரில் சாவு விழுந்தால் மூன்று நாள். இத்தனையையும் கற்றுத் தேறுவது எந்தக் கடற்படையாலும் ஆகாது. எனவே இந்த முறையைக் கைவிடலாம்.' அறிக்கையில் உமையாளும் கையெழுத்துப் போட வேண்டும். அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் படங்களைக் கமாண்டரின் மேசைக்கு அனுப்பியதே அவள்தான். ஒரு வார்த்தை மாற்றாமல் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

முறை கைவிடப்பட்டது. கொற்றவை யார்டுக்குப் போனது, எண்பத்தேழு பேரும் வேறு கப்பல்களுக்குப் பிரிந்து போனார்கள். கமாண்டர் திருவேங்கடம் கோப்புகள் அறைக்குப் போனார். ஆனால் அவருடைய கதை அவருக்கு முன்னாலேயே எல்லாத் துறைமுகத்துக்கும் போய்விட்டது. மூன்று வாரம் தூத்துக்குடிப் படகுகளோடு குடும்பம் நடத்தியும் ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்று தெரியாத கமாண்டர். கடற்படைக் கேன்டீன்களில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். தூத்துக்குடியில் கேட்கவே வேண்டாம், சலூன் வரைக்கும் பேச்சு அதுதான்.

ஒருநாள் மத்தியானம் இன்னாசி வீட்டில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஆரோக்கிய ராணி மறுபடி இன்னாசியின் கைக்கு வந்து, கடலில் கோணல்மாணலாகப் போக ஆரம்பித்திருந்தது. சவேரி எதிரே உட்கார்ந்து, சீலா மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்தபடி அந்தக் கதையை ஐந்தாவது தடவையாகச் சொல்லி, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். சிரிப்பில் புரையேறியது. அக்கா அவன் தலையில் தட்டினாள்.

"ஏன் அத்தான், அவ்வளவு பெரிய ஆபீசரு, ஒரு ஞாயித்துக்கெழம கூடவா தெரியாது? இந்த மாதிரி ஆளையெல்லாம் நம்பித்தான் நாம உசுரக் கையில பிடிச்சிக்கிட்டு இருக்கமா?"

இன்னாசி வாயைத் திறந்தார். எதிரே சிரித்துக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"பேசாமத் தின்னுல" என்று சொல்லி, குழம்புச் சட்டியிலிருந்து பெரிய துண்டாக ஒன்றை எடுத்து அவன் தட்டில் வைத்தார்.